விலை உயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

தென் ஜோகூர்த் தோட்டங்களில் விடியற்காலை 4 மணிக்கே விளக்கு எரியும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அந்த விளக்கு முன்பு பிரட்டுக்குப் போகிறவருக்காக எரிந்தது. இன்று பல வீடுகளில் துவாஸுக்குப் போகும் பிள்ளைக்காக எரிகிறது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது முதல், மோட்டார் சைக்கிளிலும் தொழிற்சாலை பஸ்ஸிலும் நம் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய் வேலை செய்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் வருகிறது. அதை நம் ரிங்கிட்டாக மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல். உழைத்துக் களைத்த பிள்ளைக்கு வீட்டுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்புதானே!

அந்த ஆசை பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போகிறார்கள். சையது ஆல்வி சாலையிலுள்ள முஸ்தபா சென்டரில் வரிசையாக எரியும் திரைகளுக்கு முன் நிற்கிறார்கள். ஒன்றில் பச்சைக்கிளி பறக்கிறது, இன்னொன்றில் தேன் சொட்டுகிறது. கண் கூசும் நிறம்! விலைச் சீட்டைப் பார்த்தால் நெஞ்சு கூசும்.

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "சார், பையன் ஆறாயிரம் வெள்ளிக்கு டிவி பார்த்து வெச்சிருக்கான். சின்னவ அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகணும். வேணாம்னு சொன்னா அவன் மனசு ஒடிஞ்சு போயிடும். சரின்னு சொன்னா இவ படிப்புக்கு என்ன பண்றது? நீங்கதான் ரெண்டு பேருக்கும் வாத்தியாரு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். ஆறாயிரம் வெள்ளி என்பது என்ன? 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தோட்டத்தில் அந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது மூன்றரை மாத உழைப்பு. அதுவும் ஒரு வாய்ச் சோறு உண்ணாமல், ஒரு கட்டணமும் கட்டாமல் சேர்த்தால். துவாஸில் வேலை செய்கிறவருக்கு அவ்வளவு மாதம் ஆகாது. ஆனால் அவருடைய காசு அவர் ஒருவருக்கு மட்டுமா?

முதலில், கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். இன்று கடைகளில் உள்ள பெட்டிகளை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். 'எல்.இ.டி.' என்று விற்கப்படுபவை உண்மையில் எல்.சி.டி. திரைகள். பின்னால் விளக்கு எரியும், முன்னால் உள்ள திரை அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும். விளக்கை முழுதாக மறைக்க முடியாததால் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். இரண்டாவது இனம் 'ஓ.எல்.இ.டி.' இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், தானே அணையும். அதனால் கறுப்பு என்றால் கறுப்புத்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே புரியும். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசற்கதவு திறந்திருக்கும். சன்னலில் வெயில் அடிக்கும். மாலை 5 மணி நாடகத்தை அம்மா கதவைச் சாத்திக்கொண்டா பார்க்கிறார்? வெளிச்சமுள்ள அறையில் அந்த அருமையான கறுப்பு கரைந்து போய்விடும். அங்கே நல்ல ஒளியுள்ள சாதாரணப் பெட்டியே தெளிவாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஓ.எல்.இ.டி. திரையில் ஒரே சின்னம், ஒரே செய்தி வரி நாள் முழுவதும் நின்றால், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நிழல் திரையில் தங்கிவிடக்கூடும். காலையில் போட்ட அலைவரிசையை இரவு படுக்கும்போதுதான் நிறுத்தும் வீட்டுக்கு இது முக்கியமான செய்தி.

அடுத்து '4கே', '8கே' என்னும் எழுத்துகள். இவை திரையில் எத்தனை புள்ளிகள் உண்டு என்பதைச் சொல்கின்றன. புள்ளி கூடினால் படம் தெளிவாகும், உண்மை. ஆனால் நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 65 அங்குலப் பெட்டியில், பழைய 'முழு எச்.டி.' படத்தின் புள்ளிகள் எட்டரை அடி தூரத்துக்கு அப்பால் நல்ல கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியமாட்டா. 4கே படத்தின் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க 4 அடிக்குச் சற்று மேலாக நெருங்கி உட்கார வேண்டும். 8கே என்றால் இரண்டடி! திரையில் மூக்கு உரசும். அந்த 8கே பெட்டிகளை டி.சி.எல். நிறுவனம் 2023-இல் கைவிட்டது, சோனி 2025-இல் நிறுத்தியது. செய்தவர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? 4கே இன்று பெரிய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

'120 எர்ட்ஸ்' என்று ஒரு பெருமை பேசுவார்கள். திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே அது. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாகவே எடுக்கப்படுகிறது. விளையாட்டுப் பெட்டி வைத்து விளையாடும் பிள்ளைகள் இருந்தால் 120 உதவும். நாடகத்துக்கும் செய்திக்கும் அது எதற்கு?

அப்படியானால் எதற்குத்தான் காசு கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தில், அளவுக்கு. நாற்காலிக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து, அங்குலமாக்கி, 0.6-ஆல் பெருக்குங்கள். 7 அடி என்றால் 84 அங்குலம். அதற்கு 50 அங்குலப் பெட்டி. 9 அடி என்றால் 108, அதற்கு 65. திரை நம் பார்வையில் சுமார் 30 பாகைக் கோணத்துக்கு விரிந்திருக்க வேண்டும் என்று படத்துறைப் பொறியாளர்கள் சொல்லும் கணக்கிலிருந்து வருவது இது. வயதான பெற்றோர் எழுத்து வரிகளைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க வேண்டுமானால் இன்னும் சற்றுப் பெரிதாகவே எடுக்கலாம். 43 அங்குலத்திலிருந்து 55-க்குப் போனால் திரையின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதை எந்தக் கண்ணும் உணரும்.

விலை உயர்ந்தது நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. மண்வெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அது பொருந்தும். தொலைக்காட்சிக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2010-ஆம் ஆண்டில் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் பெட்டிகளை எல்லாக் கடைகளும் முன்வரிசையில் வைத்தன. 2017-இல் எல்.ஜி.யும் சோனியும் அவற்றை நிறுத்திவிட்டன. பிளாஸ்மா பெட்டிகளுக்கும் அதே கதி; பானசோனிக் 2013-ஆம் ஆண்டு இறுதியோடு அவற்றைத் தயாரிப்பதை விட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் எல்.ஜி.யின் 55 அங்குல ஓ.எல்.இ.டி. பெட்டி சுமார் 15,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இன்று அதே அளவு, அதைவிட நல்ல பெட்டி, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. முந்திக்கொண்டு வாங்கியவர் பெற்றது என்ன, பொறுத்திருந்தவர் இழந்தது என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பெட்டி தனி ஒருவர் சொத்தாகவே இல்லை. சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15-இல். அதே ஆண்டு டிசம்பர் 28-இல் மலேசியாவில். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மக்கள் சமூக மன்றங்களில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். 1974-இல் அங்கே வண்ணம் வந்தது. நமக்கு 1978 டிசம்பரில். தென் ஜோகூரில் வீட்டுக்கு வீடு கம்பம் நட்டு, ஏரியலைச் சிங்கப்பூர்ப் பக்கம் திருப்பித் தமிழ் நிகழ்ச்சி பார்த்த கதையைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெட்டி சிறியது, படத்தில் மழை பெய்யும், ஆனாலும் திண்ணை நிறைந்திருக்கும். இப்போது அந்தப் பழைய ஒளிபரப்பே இல்லை. சிங்கப்பூரில் 2019 ஜனவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபர் இறுதியிலும் அது நிறுத்தப்பட்டது. இரு நாடுகளிலும் இன்று இலக்கமுறை ஒளிபரப்பு ஒரே தரத்தில் நடக்கிறது, டி.வி.பி.-டி2 என்று அதற்குப் பெயர். அந்த எழுத்துகள் அட்டைப் பெட்டியில் அச்சாகியிருந்தால் அந்தப் பெட்டி இரு கரைக்கும் ஒத்துவரும். மூன்று முனைப் பிளக்கும் ஒன்றேதான்.

அப்படியானால் துவாஸ் வழியாகவே வாங்கி வந்துவிடலாமே என்பீர்கள். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். சிங்கப்பூரில் 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 சதவீதம். சுற்றுப்பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பித் தரும் திட்டம் உண்டு. ஆனால் அது விமானத்திலோ உல்லாசக் கப்பலிலோ வெளியேறுகிறவருக்கு மட்டும். துவாஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிகள் வழியாகத் தரைமார்க்கமாக வருகிறவருக்குக் கிடையாது. சிங்கப்பூரில் வேலை செய்கிறவருக்கோ எந்த வழியிலும் கிடையாது. இந்தப் பக்கம் வந்ததும் நம் சுங்கத்தில் அறிவித்து, கேட்கும் வரியைக் கட்ட வேண்டும். பழுதானால்? உத்தரவாதச் சீட்டு பெரும்பாலும் விற்ற நாட்டில்தான் செல்லும். 65 அங்குலப் பெட்டியை மறுபடியும் பாலத்தின் மேல் தூக்கிச் செல்வதை மனக்கண்ணால் பாருங்கள்.

துவாஸ் தங்கும் விடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகளும் இந்தப் பாடத்தை ஒரு முறை படித்தவர்கள்தான். ஊருக்குப் போகும்போது தட்டைத் திரைப் பெட்டியைப் பயணச் சாமானாக ஏற்றிச் செல்வது வழக்கமாயிருந்தது. 2013 ஆகஸ்ட் 26 முதல் இந்திய அரசு அதற்கு 35 சதவீதத் தீர்வை போட்டது, மேல்வரியோடு 36.05 சதவீதம். மலிவு என்று எண்ணி வாங்கிய பெட்டி திருச்சியிலும் சென்னையிலும் இறங்கும்போது மலிவாக இல்லை.

தவணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "மாதம் 128 வெள்ளிதான்" என்பார்கள். 3,000 வெள்ளிப் பெட்டிக்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முழுவதற்கும் கடைசி மாதம்வரை வட்டி போட்டால் வட்டி மட்டும் 1,620. மொத்தம் 4,620. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதே, ஆனால் வட்டி குறையவில்லையே! அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த 1,620-ஐப் போட்டுவிடுவார்கள். கடையில் கையெழுத்துப் போடும் நாம் போடுவதில்லை.

அந்தத் தாயாரின் மகனை ஒரு ஞாயிறு அழைத்து இவ்வளவும் பேசினேன். "சார், அம்மா இத்தனை வருஷம் பால்மரம் வெட்டினவங்க. அவங்களுக்கு மட்டமா ஒண்ணு வாங்கித் தரச் சொல்றீங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்த மனத்தைக் காயப்படுத்திவிட்டுக் கணக்கு மட்டும் பேசுவது சரியல்ல. ஆகவே வீட்டை அளக்கச் சொன்னேன். 9 அடி இருந்தது. 65 அங்குலமே வாங்கு, ஆனால் சாதாரண 4கே பெட்டியாக, நம் ஊரிலேயே, ரொக்கத்துக்கு வாங்கு என்றேன். அவன் முழுமனத்தோடு தலையாட்டவில்லை. ஆறாயிரத்தில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. மீதியைத் தங்கையின் பெயரில் போட்டான். அம்மா படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை; "சத்தந்தான் டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றார். அது உண்மை. மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் உயர்ரகத் திரைக்குப் போகாமல், தனியாக ஒரு சிறிய ஒலிபெருக்கி வாங்குவது நல்லது.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஓடவிடும் கிளியும் தேனும் திரைக்கென்றே எடுத்த படங்கள். பெட்டியும் 'விவிட்' என்ற மிகைநிறத்தில் வைக்கப்பட்டிருக்கும். 'சினிமா' என்று மாற்றச் சொல்லுங்கள். உங்கள் சித்தப்பா முகமும் அத்தை சேலையும் எப்படித் தெரிகின்றன என்று, வீட்டில் உட்காரும் தூரத்திலேயே நின்று பாருங்கள். விலை இரு மடங்கான பெட்டியையும் பக்கத்தில் அதேபோல் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம். புதிய மாதிரிகள் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் வரும்; அப்போது சென்ற ஆண்டுப் பெட்டிகளின் விலை இறங்கும். வாங்கியதை நிமிர்த்தியே ஏற்றிச் செல்லுங்கள், படுக்கவைத்தால் திரை விரிசல் காணக்கூடும். அட்டைப் பெட்டியையும் ரசீதையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.