தலையாட்டியதால் பறிபோன ஏழு ஆண்டுகள்!
உப்பல் தொழிலாளி சொல்லும் பி.எப். பாடம்

உப்பல், -

சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். 2010-ல் உப்பல் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மாதம் 6,000 ரூபாய்ச் சம்பளத்தில் லேத் ஓட்டச் சேர்ந்தார்.

"பி.எப். பிடித்தால் கைக்கு வருவது குறையுமே, வேண்டாம் என்று விட்டுவிடலாமா?" என்று முதலாளி கேட்டார். ஊருக்குப் பணம் அனுப்பும் கவலையில் இருந்தவர் தலையாட்டிவிட்டார்.

2017-ன் பிற்பகுதியில்தான் அவர் பெயர் பி.எப். கணக்கில் ஏறியது. 2024-ல் 58 வயது நிறைந்ததும் பென்ஷனுக்கு மனுப் போட்டார். கட்டிய பணம் வந்தது, பென்ஷன் வரவில்லை. அதற்குப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஏட்டில் இருந்ததோ ஏழு ஆண்டுகள்தான். உழைத்ததோ பதினான்கு ஆண்டுகள்!

யார் பொறுப்பு?

20 பேர் வேலை செய்யும் ஆலை, பட்டறை எல்லாவற்றுக்கும் பி.எப். சட்டம் பொருந்தும். காண்டிராக்டர் மூலம் வந்தவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பிறகு ஆள் குறைந்தாலும் விலக்குக் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் உச்சவரம்புக்குள் இருப்பவரை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கில் சேர்க்க வேண்டும். 2014 செப்டம்பரில் இந்த வரம்பு 6,500-லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது.

சேர்ப்பது முதலாளியின் கடமை. தொழிலாளி "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், தொழிலாளியின் பங்கு. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அதில் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. இன்று கைக்கு வரும் 1,800 ரூபாய்க்கு ஆசைப்படுகிறவர், முதலாளி தரவேண்டிய 1,800 ரூபாயையும் அல்லவா இழக்கிறார்!

தவறிய வாய்ப்பு

விடுபட்டவர்களைச் சேர்க்க 2017 ஜனவரியில் முதலாளிகளுக்கு ஒரு சலுகை தரப்பட்டது. 2009 ஏப்ரல் முதல் விடுபட்ட காலத்துக்கு அபராதம் ஆண்டுக்கு ஒரே ஒரு ரூபாய். சேலத்துக்காரரின் முதலாளி அதைக்கூடப் பயன்படுத்தவில்லை. 2025 நவம்பரில் மீண்டும் அதுபோன்ற சலுகை வந்தது. 2017 ஜூலைக்குப் பின் விடுபட்டு, அதே இடத்தில் வேலையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது உதவியது.

என்ன செய்யலாம்?

உங்கள் 12 இலக்க பி.எப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாதந்தோறும் பாஸ்புத்தகத்தைப் பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

பெயர் ஏறவில்லையா? பர்கத்புராவில் உள்ள பி.எப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பாங்கி பாஸ்புத்தகம், கேட் பாஸ் எதுவானாலும் சாட்சிதான். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி முதலாளியை அழைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

சேலத்துக்காரர் இன்னும் லேத் ஓட்டுகிறார், வேறொரு பட்டறையில். புதிதாக வரும் பையன்களிடம் அவர் முதலில் கேட்பது, "தம்பி, பி.எப். நம்பர் வந்துடுச்சா?" என்பதுதான்.