பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நம்பகமான உதிரி பாகங்கள்: வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆன ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்போருக்கு, ஓட்டுவதைவிட உதிரி பாகம் தேடுவதே பெரும் பணி. கிடைத்த பாகம் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. பாதி வழியில் முறிந்தால் உயிருக்கு ஆபத்து நேருமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதற்கு நல்ல உதாரணம். 3 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையான இந்தக் கார், டிரையம்ப் ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து உருவாக்கப்பட்டது. அதே ஹெரால்டுதான் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. எனவே, ஸ்பிட்ஃபயருக்கான சில பாகங்களை இந்தியாவின் பழைய உதிரி பாகச் சந்தைகளிலேயே தேட முடியும்.

ஆனால், உறவு இருப்பதால் எல்லாம் பொருந்திவிடாது. இந்திய ஹெரால்டின் என்ஜின் 948 சிசி. தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் என்ஜின் 1147 சிசி. பின்னர் இங்கு வெளிவந்த ஸ்டாண்டர்டு கெசல் காரின் பின் அச்சு அமைப்பும் வேறு. ஆகவே, காரின் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்பது போதாது. காரில் பொறிக்கப்பட்டுள்ள 'கமிஷன்' எண்ணையும், தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும்.

எந்தப் பாகத்தில் சிக்கனம் கூடாது?

ஒரு பாகம் பழுதானால் என்ன நேரும் என்பதே அதை எங்கு வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், இருக்கைச் சட்டம் போன்றவற்றைப் பழைய காரிலிருந்து கழற்றி வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. பிரேக், ஸ்டீயரிங், முன் சக்கர அமைப்பு ஆகியவற்றில் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் துண்டின் கீழ்முனை, 'ட்ரன்னியன்' எனப்படும் உலோகத் துண்டுக்குள் மரையால் பொருந்தியிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேயே அது சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் அல்ல, கியர் எண்ணெயே இட வேண்டும் எனக் காரின் கையேடு கூறுகிறது. எண்ணெய் இல்லாமல் ஈரம் புகுந்தால் எஃகு உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்துவிடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் பழைய துண்டை வாங்கினால், இந்த அரிப்பையும் சேர்த்தே வாங்க நேரிடலாம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உரிய பாகங்கள் வெவ்வேறானவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிரிக்கப்படாத பெட்டியும் ஏமாற்றும்

பல ஆண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்டு, பயன்படுத்தப்படாமல் கிடங்கில் இருந்த பாகங்களுக்கு மதிப்பு அதிகம். உலோகப் பாகங்களுக்கு அந்த மதிப்பு நியாயமானதே. ரப்பருக்கு அது பொருந்தாது. பிரேக் சிலிண்டரின் ரப்பர் வளையம், எரிபொருள் குழாய், டயர் ஆகியவை பெட்டிக்குள் இருந்தபடியே முதுமை அடைகின்றன. டயரின் பக்கவாட்டிலுள்ள 4 இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். உதாரணமாக, 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது.

எரிபொருளும் இப்போது மாறியுள்ளது. நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ள நிலையில், அதற்கெனத் தயாரிக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் வீங்கவோ வெடிக்கவோ வாய்ப்புள்ளது. சூடான என்ஜின் அருகே பெட்ரோல் கசிவது தீ விபத்தில் முடியும். எனவே, இவற்றில் பழைய இருப்பைவிட, எத்தனாலைத் தாங்கும் எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள புதிய பாகமே நம்பகமானது.

சட்டம் சொல்வது என்ன?

50 ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவு செய்யும் நடைமுறையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் கொண்டு வந்தது. இத்தகைய வாகனங்களின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மூல என்ஜினுக்குப் பாகம் கிடைக்கவில்லை என்று வேறு என்ஜினைப் பொருத்துவோர், இந்தத் தகுதியை இழக்க நேரிடலாம்.

வெளிநாட்டிலிருந்து புதிய பாகங்களைத் தருவிப்போர், சுங்க வரியுடன் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாகன உதிரி பாகங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பயன்படுத்திய பாகங்களை இறக்குமதி செய்வது கட்டுப்பாட்டுக்கு உள்பட்டது என்பதால், முன்பணம் செலுத்தும் முன்பே விதிகளை அறிந்துகொள்வது நல்லது.

உள்நாட்டில் பழைய பாகம் வாங்கும்போது ரசீது அவசியம். திருட்டு வாகனங்கள் பிரிக்கப்படுவதாகப் பல ஆண்டுகளாகப் புகாருக்கு உள்ளான மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தையை, உத்தரப் பிரதேச காவல்துறை 2021 டிசம்பரில் மூடியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே பெறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியவை

பாகம் கைக்கு வந்ததும், பழையதை எறிந்துவிடாமல் இரண்டையும் அருகருகே வைத்து நீளம், விட்டம், மரை ஆகியவற்றை அளக்க வேண்டும். மரை கையால் இலகுவாக ஏறாவிட்டால், ஸ்பேனரால் வலுக்கட்டாயமாக முறுக்கக் கூடாது. ரசீதையும் பாக எண்ணையும் தேதியுடன் குறித்து வைத்தால் அடுத்த முறை தேடல் எளிதாகும். காரை விற்கும்போது அதன் வரலாற்றுக்கும் அது சான்றாகும்.

போலிப் பாகம் விற்கப்பட்டதாகக் கருதுவோர், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் தொடர்புகொண்டு புகார் அளிக்கலாம். அதற்கும் ரசீதே முதல் ஆதாரம் என்பது குறிப்பிடத்தக்கது.