சைக்கிளும் நாகரிகமும்: கடைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை கடை திறக்கும் நமது உறுப்பினர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். உடம்பை ஒட்டிய வண்ணச் சட்டை, முழங்கால் வரை இறுகிய கால்சட்டை, தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஐந்தாறு பேர் வரிசையாக சைக்கிளில் வந்து இறங்குவார்கள். நடக்கும்போது காலணி 'டக் டக்' என்று சத்தம் போடும். ஒருவர் வாழைப்பழம் கேட்பார். இன்னொருவர் கடலை மிட்டாய் கேட்பார். கால் மணி நேரத்தில் பழனி மலைச்சாலைப் பக்கம் போய்விடுவார்கள்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்காத கடைக்காரர் குறைவு. நாமும் சிரித்தோம். "கார் வாங்க வசதி இருந்தும் சைக்கிள் மிதிக்கிறாங்களே, என்ன வேண்டுதலோ" என்று நம் கடைப் பையன் சொன்னபோது அவனை நாம் அதட்டவில்லை. பிறகு நடந்த ஒரு சிறு சம்பவத்தால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியதாயிற்று. சம்பவத்தைக் கடைசியில் சொல்கிறோம். விசாரித்து அறிந்ததை முதலில் எழுதுகிறோம்.

இவர்கள் யார்?

சைக்கிள் நாகரிகத்தில் இன்று பல வகையினர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

முதல் வகை, நெடுந்தூரம் ஓட்டுபவர்கள். இவர்களுக்கு 'பிரவே' என்று ஒரு பழக்கம் உண்டு. பிரான்ஸ் நாட்டில் தோன்றியது. இது பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்த அனைவரும் வென்றவர்களே. நடிகர் ஆர்யா 2014ல் சுவீடன் நாட்டுக்குப் போய் 300 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்து வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். நீலகிரியை மையமாகக் கொண்டு 2008 முதல் நடந்துவரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணமும் இந்த வகையினருக்குப் பெரிய திருவிழா போன்றது.

இரண்டாம் வகை, உடல் நலத்துக்காகவும் நட்புக்காகவும் காலையில் கூட்டமாகப் போகிறவர்கள். சென்னையில் பேட்டைக்குப் பேட்டை இப்படிக் குழுக்கள் உள்ளன. 2020 ஊரடங்கின்போது உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக்கிடந்ததால் இந்தக் கூட்டம் பெருகியது. கடைகளில் சைக்கிளுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையும் வந்தது.

மூன்றாம் வகைதான் உண்மையான 'பேஷன்' சைக்கிள்காரர்கள். மேல்நாட்டில் 'ஹிப்ஸ்டர்' என்று கேலியாகச் சொல்வார்கள். எல்லோரும் செய்வதைச் செய்யாமல், பழைய பொருளைத் தேடி எடுத்துப் புது மோஸ்தராக ஆக்குகிறவர்கள். இவர்களுக்குப் பிடித்த வண்டிக்கு 'பிக்சி' என்று பெயர். அதில் கியர் இல்லை. ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில்கூடக் காலை ஓய்வாக வைக்க முடியாது. இது ஓட்டப்பந்தயத் தளத்துக்காகச் செய்த வண்டி. ஜப்பானில் 1948 முதல் 'கெய்ரின்' என்ற சைக்கிள் பந்தயம் பந்தயப் பணம் கட்டி நடக்கிறது. அதில் இன்றும் இந்த வண்டிதான். பிறகு நியூயார்க் போன்ற நகரங்களில் ஆபீசுக்கு ஆபீஸ் தபால் கொண்டு போகும் கூலிப் பையன்கள் இதை ஓட்டினார்கள். உதிரி பாகம் குறைவு, பழுது குறைவு என்பதே காரணம். அந்தக் கூலிப் பையன்களின் வண்டியையும், தோளில் மாட்டும் பையையும், மடித்துவிட்ட கால்சட்டையையும் பார்த்து 2000க்குப் பிறகு வசதியான இளைஞர்கள் அதையே நாகரிகமாக எடுத்துக்கொண்டார்கள். உழைப்பவன் வசதிக்காகச் செய்துகொண்டதைப் பார்த்து, வசதி உள்ளவன் அழகுக்காக எடுத்துக்கொண்டான்.

இந்த உடை எதற்கு?

நாம் மிகவும் சிரிப்பது உடையைப் பார்த்துத்தான். அதற்கும் காரணம் இருக்கிறது. வேட்டியோ பேண்ட்டோ கட்டி ஐந்து கிலோமீட்டர் போகலாம். நூறு கிலோமீட்டர் போனால் தையல் உரசித் தொடை புண்ணாகும். அதனால்தான் ஒட்டிய கால்சட்டையும் உள்ளே மெத்தையும். சட்டையின் முதுகுப் பக்கம் மூன்று பை இருக்கும். ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளலாம். காலணியின் அடியில் உள்ள கட்டை பெடலில் மாட்டிக்கொள்ளும். கடைக்குள் 'டக் டக்' என்று கேட்பது அந்தக் கட்டைதான்.

வண்டியின் எடையும் முக்கியம். நமது பழைய கறுப்பு சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. கார்பன் இழையில் செய்த பந்தய வண்டி ஏழெட்டு கிலோ. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். உயரமோ 1,700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போதே தலை சுற்றும் கொண்டை ஊசி வளைவுகளைக் காலால் மிதித்து ஏறுகிறவர் எடையைப் பற்றி யோசிப்பதில் தப்பில்லை.

நாமும் ஆடிய ஆட்டமே

இளைஞர்களின் பேஷனைப் பழிக்கும் நம் வயதுக்காரர்கள் தம் இளமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1949ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1951ல் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ. அதுவரை சீமையிலிருந்து வந்த ராலே, ஹம்பர் வைத்திருந்தவர் ஊரில் பெரிய மனிதர். மாப்பிள்ளைக்குச் சீராக சைக்கிள் கொடுத்த காலத்தில் நம் அப்பாமார்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். நாம் பள்ளிக்கூடம் போன 1970களில் சைக்கிளுக்குச் செய்த அலங்காரம் கொஞ்சமா? ஹப்பில் வண்ணக் குஞ்சம். ஹேண்டில்பாரில் இரண்டு கண்ணாடி. சீட்டுக்குப் பூப்போட்ட உறை. மட்கார்டில் எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி படம். டைனமோ வைத்தவன் ஒரு ஜாதி, வைக்காதவன் ஒரு ஜாதி. பிறகு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வந்தபோது அது வைத்திருந்தவன் கல்லூரி வாசலில் நின்ற தோரணையே தனி. ஊர் மைதானத்தில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமல் நாள் கணக்கில் சுற்றி வருவார். அதிலேயே குளிப்பார், அதிலேயே சாப்பிடுவார். நாம் ராத்திரி கண்விழித்துப் பார்ப்போம். அதற்குப் பெயர் பேஷன் இல்லாமல் வேறு என்ன?

வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்கு எழுதி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நாம். ஆண்டுதோறும் பணம் கட்டி வாங்கிய சைக்கிள் வில்லையை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டு பேர் போனாலும், விளக்கு இல்லாவிட்டாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார்.

பேஷனைவிடப் பெரிய காரியத்தையும் சைக்கிள் நம் நாட்டில் செய்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் யாரையும் எதிர்பாராமல் தாங்களே கொண்டு போனார்கள். அப்போதும் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். தமிழக அரசு 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கியது. அந்தச் சைக்கிளால் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் நமது வாடிக்கையாளர் குடும்பங்களிலேயே உண்டு.

ஏன் இந்தக் கேலி?

மேல்நாட்டிலும் இவர்கள்மீது கோபம் உண்டு. 1992ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மாதம் ஒருமுறை சைக்கிள்காரர்கள் கூட்டமாகச் சாலையில் போகும் வழக்கம் ஆரம்பித்தது. மோட்டார் வண்டிக்காரர்களுக்கு எரிச்சல். 2016ல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ஒரு பிக்சி வண்டி மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அழகுக்காகப் பிரேக்கைக் கழற்றுவது நாகரிகம் ஆகாது. இந்தக் கோபம் நியாயமானது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் நிலைமை வேறு. அங்கே கோட்டு போட்ட ஆபீஸ்காரரும், குழந்தையை வைத்திருக்கும் தாயும் அன்றாட உடையிலேயே சைக்கிளில் போகிறார்கள். எல்லோரும் ஓட்டுவதால் ஓட்டுபவரைப் பார்த்து வியப்பாரும் இல்லை, சிரிப்பாரும் இல்லை.

நம் ஊரில் சைக்கிள் என்றால் இல்லாதவன் வண்டி என்று ஆகிவிட்டது. முதலில் மொபெட் வந்தது, பிறகு பைக் வந்தது. தவணைக்குக் கிடைத்தது. சைக்கிளை விட்டவர் முன்னேறியவர் என்று கருதினோம். 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை மூடப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலில் நடிகர் விஜய் சைக்கிளில் ஓட்டுப் போடப் போனார். அந்த வண்டி என்ன கம்பெனி, என்ன விலை என்று ஊரெல்லாம் பேச்சு. அதே நாளில் எத்தனையோ கூலித் தொழிலாளர்கள் சைக்கிளில்தான் போய் ஓட்டுப் போட்டார்கள். அதை யார் பேசினார்கள்? ஒரே வாகனம், ஓட்டுகிறவரைப் பொறுத்து ஒருவருக்குப் பெருமை, இன்னொருவருக்குச் சிறுமை.

வியாபாரத்துக்கு என்ன லாபம்?

கார்க்காரர் கடை முன் நிறுத்த இடம் தேடுவார். கிடைக்காவிட்டால் பெரிய கடைக்குப் போய்விடுவார். சைக்கிளில் வருபவர் நினைத்த இடத்தில் இறங்குவார். சில்லறைக் கடைக்கு இவர் ஏற்ற வாடிக்கையாளர்.

சாலையோரக் கடைக்காரர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

காலை ஆறு மணிக்குமுன் கடை திறந்திருந்தால் இந்த வியாபாரம் கிடைக்கும். அவர்களுக்கு வேண்டியது வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, இளநீர், பேரீச்சம்பழம். விருப்பாட்சி மலைவாழையும் நமது ஆயக்குடிக் கொய்யாவும் இருக்கும்போது வெளிநாட்டு மிட்டாய்க் கட்டியை வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

நல்ல குடிதண்ணீர்ப் பானை ஒன்று வெளியே இருக்கட்டும். தண்ணீர் பிடிக்க வந்தவர் பழம் வாங்காமல் போவதில்லை.

பெரும்பாலும் பணம் கொண்டு வரமாட்டார்கள். செல்போனில் பணம் செலுத்தும் அட்டை கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பந்தய வண்டிகளின் வால்வு மெல்லியது. நமது பம்ப் நேரடியாகப் பொருந்தாது. அதற்கென்று திருகி மாட்டும் சிறு பித்தளை மூடி கிடைக்கிறது. விலை அற்பம். வைத்திருந்தால் அவசரத்துக்கு உதவியவர் என்ற பெயர் கிடைக்கும்.

அந்தச் சம்பவம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்த ஆறு பேர், வெயிலில் வண்டியை நிறுத்தலாமா என்று தயங்கினார்கள். ஒரு வண்டி லட்ச ரூபாய்க்கு மேல் என்று கேள்விப்பட்டதும் நாமே எழுந்து போய், "உள்ளே திண்ணையில் நிறுத்துங்க தம்பி" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தோம்.

நமது கடையில் இருபது ஆண்டுகளாக மூட்டை இறக்கும் ஒரு தொழிலாளி தினமும் சைக்கிளில்தான் வருகிறார். லாரிக்கு இடைஞ்சல் என்று அவர் வண்டியைச் சாக்கடை ஓரத்தில்தான் நிறுத்தச் சொல்லியிருந்தோம். சீட்டு வெயிலில் வெடித்து, சாக்குத் துணி சுற்றியிருக்கிறது. அவர்கள் போன பிறகு அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க முதலாளி, நம்ம வண்டியையும் ஒரு நாளைக்கு நிழல்ல நிறுத்திக்கலாமுங்களா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடத்தில் எத்தனை மழை, எத்தனை வெயில். இடம் இல்லாமல் இல்லை. நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் பட்டறையில் சொல்லி, இரும்புக் குழாயை வளைத்து எட்டு சைக்கிள் நிறுத்தும்படி ஒரு தாங்கி செய்து, கடையின் பக்கவாட்டில் தகரக் கூரையின் கீழ் பதித்தோம். பழைய அட்டைப் பெட்டிகள் கிடந்த இடம் அது. இப்போது காலையில் முதல் வண்டி மூட்டை இறக்குபவருடையது. அடுத்து பால்காரர், பள்ளிப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர்களும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் மூட்டை இறக்குபவரிடம், "இந்த வண்டியில இத்தனை மூட்டை எப்படிண்ணே ஏத்துறீங்க?" என்று கேட்டு நின்றதைப் பார்த்தோம். அவர் கேரியரில் கயிறு போடும் விதத்தைச் செய்தே காட்டினார்.

உறுப்பினர்கள் தங்கள் கடை முன்னும் இப்படி ஒரு தாங்கி வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. நிறுத்த வருபவரிடம் அது என்ன கம்பெனி வண்டி என்று மட்டும் கேட்க வேண்டாம்.