ஒளிநாடாவில் உறங்கும் நிழற்படங்கள்

ஒரு மணி நேர மினிடிவி ஒளிநாடாவில் எத்தனை படங்கள் இருக்கின்றன தெரியுமா? நம் நாட்டில் புழங்கிய பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஆக, மொத்தம் 90,000. நம் சங்க அலமாரியில் இத்தகைய நாடாக்கள் பல கிடக்கின்றன. அவற்றில் உள்ள சில மேடை நாடகங்களுக்கு வேறு நிழற்படமே கிடையாது. காந்த நாடாவோ நாளாக ஆகக் கெட்டுப்போகும். அதை ஓட்டும் கருவியும் அரிதாகி வருகிறது. இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளையும் இல்லை. அதனால் ஒரு நாடகத்தைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்து முகங்களை எடுத்துவைக்கும் வேலையில் இவ்வாண்டு இறங்கினேன். மற்ற நாடாக்களையும் யாராவது தொடர வேண்டும் என்பதால், செய்முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

90,000 படங்களும் தேவையில்லை. விர்சுவல்டப் என்னும் இலவச மென்பொருளில் 50 படங்களுக்கு ஒன்று என அமைத்தால், இரண்டு வினாடிக்கு ஒரு படமாக 1,800 கிடைக்கும். கோப்புப் பெயரில் நான்கு இலக்க எண் வரட்டும். இல்லையேல் சில மென்பொருள்கள் 10-ஐ 2-க்கு முன்னால் வைத்துக் குழப்பும். மங்கலான படங்களை மட்டும் நாமே பார்த்துத்தான் நீக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. எனக்கு 240 மிஞ்சின.

இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தால் தேர்வே வந்துவிடும். இங்கேதான் ஃபோட்டோஷாப்பின் ‘ஆக்‌ஷன்’ உதவுகிறது. ஒரு படத்தில் நாம் செய்யும் படிகளை அது பதிவு செய்துகொள்ளும். பிறகு ‘ஃபைல்’, ‘ஆட்டோமேட்’, ‘பேட்ச்’ என்று போய், எந்தக் கோப்புறையிலிருந்து எடுத்து எதில் சேர்க்க வேண்டும் என்று காட்டிவிட்டால், எல்லாப் படங்களுக்கும் அதே படிகள் தாமாக நடக்கும். இரண்டும் வெவ்வேறு கோப்புறைகளாக இருந்தால் மூலப்படம் கெடாது.

படிகளின் வரிசைதான் முக்கியம். பழைய வீடியோ கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரிகளில் பாதியை ஒரு கணத்திலும், மறுபாதியை 1/50 வினாடி கழித்தும் எடுக்கிறது. அந்த இடைவெளியில் நடிகர் கையை வீசினால், கையின் விளிம்பு சீப்பின் பல்லைப் போல் கிழிந்து தெரியும். ‘ஃபில்டர்’ பட்டியலில் ‘வீடியோ’வுக்குள் உள்ள ‘டி-இன்டர்லேஸ்’ ஒரு பாதியை நீக்கிவிட்டு, அண்டை வரிகளைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பும். அளவை மாற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அளவை மாற்றினால் இரு பாதிகளும் கலந்துவிடும். அப்புறம் பிரிக்க முடியாது.

அடுத்தது அளவு. நாடாவில் படம் 720×576 புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. கணினியில் அப்படியே பார்த்தால் எல்லாரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள். (அப்படியே விட்டுவிடும்படி ஓர் அக்கா கேட்டுக்கொண்டார்!) 768×576 என மாற்றினால் சரியாகிவிடும்.

நிறத்துக்கு ‘ஆட்டோ கலர்’ வேண்டவே வேண்டாம். அது ஒவ்வொரு படத்தையும் தனியாகக் கணிப்பதால், ஒரே காட்சியின் இரண்டு படங்கள் இரண்டு நிறத்தில் வந்து நிற்கும். சிவப்பு விளக்குக் காட்சி, வெள்ளை விளக்குக் காட்சி எனக் கோப்புறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘கர்வ்ஸ்’ கொண்டு தனி ஆக்‌ஷன் பதிவு செய்தேன்.

இவ்வளவு செய்தாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி என அச்சிட்டால் படம் ஆறரை சென்டிமீட்டர் அகலம்தான் வரும். பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இதற்கு நான் தொடவில்லை. நாடாவில் பதிவாகாத கண்ணையும் மூக்கையும் அவை ஊகித்து வரைகின்றன. படம் தெளிவாக இருக்கும். ஆனால் அது மேடையில் நின்றவரின் முகமாக இருக்காது. சிறிதாகவே அச்சிடலாம்.

கடைசியாக, அதே ‘ஆட்டோமேட்’ பட்டியலில் உள்ள ‘கான்டாக்ட் ஷீட்’, சிறு படங்களைக் கோப்புப் பெயரோடு பக்கம் பக்கமாக அடுக்கித் தரும். அவற்றை அச்சிட்டு, நாடகத்தில் நடித்த முன்னாள் மாணவர்கள் சிலரிடம் கொடுத்தேன். எண்ணைப் பார்த்துப் பெயரை எழுதித் தந்தார்கள். 0412-ஆம் படத்தில் உடுக்கையோடு நிற்பவர் யாரென்று மட்டும் எவருக்கும் நினைவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.