லூட்டுக்கு வந்த பாக்

யோகான் செபாஸ்டியன் பாக் தம் ஐந்தாம் செல்லோ தொகுதியை லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கென மாற்றி எழுதிய கையெழுத்துப் படி பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில் இருக்கிறது. அதில் சரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதியைப் பாருங்கள். செல்லோவில் அது ஒற்றைச் சுரங்களாலேயே நகர்கிறது. இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும் இடமே இல்லை. லூட்டுக்கு வரும்போது பாக் அடியில் மந்தரச் சுரங்களைச் சேர்க்கிறார். தம் படைப்பையே அவர் தொடக்கூடாத பொருளாக நினைக்கவில்லை.

அன்று அது சாதாரண வழக்கம். வயலினுக்கு அவர் எழுதிய ஃபியூக் ஒன்றை லைப்சிக்கின் வைராவ் லூட்டுக்குக் கொண்டுவந்தார். பிரான்சில் லுல்லியின் நாடக இசையை ரொபேர் த விசே தியோர்போ என்ற நீண்ட கழுத்து லூட்டில் வாசித்தார். லூட்டுக்கான குறிப்பில், ஆறு கோடுகளில் எழுத்துகளை இட்டு, எந்தத் தந்தியை எந்த மெட்டில் அழுத்துவது என்று குறித்தால் போதும். பாக் லூட்டுக்கு மாற்றிய அந்த ஐந்தாம் தொகுதியில் வரும் கீழ் ஜி சுரத்துக்கு 13 வரிசைத் தந்திகள் கொண்ட லூட்டில் இடமில்லை. தொகுதியை இந்த எழுத்துக் குறிப்பாக மாற்றியவர் அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக்கொண்டார். அதில் யாருக்கும் குற்ற உணர்வு இல்லை.

பிறகு பியானோவும் பெரிய அரங்குகளும் வந்தன. லூட்டின் ஆட்டுக் குடல் தந்திகளின் மெல்லிய ஒலி அங்கே எடுபடவில்லை, லூட் ஒதுங்கியது. 20ஆம் நூற்றாண்டில் பாக்கின் லூட் படைப்புகளைப் பெரும்பாலோர் கிதாரில்தான் கேட்டார்கள். 1935இல் பாரிசில் கிதார் கலைஞர் செகோவியா பாக்கின் வயலின் சக்கோனைக் கிதாரில் வாசித்தது பெரிய நிகழ்வானது. ஆனால் லூட் படைப்புகளைக் கிதாரின் ஆறு தந்திகளுக்குள் அடக்க, ஆழ்ந்த சுரங்கள் பலவற்றை மேலே தூக்க வேண்டியிருந்தது. லூட்டின் உயிரே அந்த மந்தரத்தில்தான். அங்கே இடக்கை விரல் படாமல் நீளமாக அதிரும் தந்திகள் இருக்கின்றன.

இன்று லூட் கலைஞர்கள் ஹாப்கின்சன் ஸ்மித்தும் நைஜல் நார்த்தும் வயலின், செல்லோ படைப்புகளைத் தாங்களே மாற்றி லூட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். மூலத்தில் இல்லாத மந்தரச் சுரத்தைச் சேர்க்கலாமா என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நம் காலத்துக்கு உரியது, பாக்கின் காலத்துக்கு அல்ல. துணிந்து சேர்ப்பவர்களே அவருக்கு நெருக்கமானவர்கள் என்பேன்.

ஐந்தாம் தொகுதியின் சரபாண்டை முதலில் செல்லோவில் கேளுங்கள். உடனே லூட்டிலும் கேளுங்கள். இரண்டுமே பாக் எழுதியவை.