இரண்டாவது சேனலை என்ன செய்வது?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. 48 வோல்ட் பேட்டரியும் 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்திருக்கும் மைல்டு ஹைப்ரிட் கார்களில், இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை இரு திசையிலும் அனுப்ப ஒரு கன்வெர்ட்டர் உண்டு. அதை நடத்தும் கன்ட்ரோலர் ஐசிகளில் ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்5170. ஒரே ஐசிக்குள் இரண்டு சேனல். சிலருக்கு ஒன்றே போதும். சிலர் மூன்று ஃபேஸ் வேண்டுமென்று இரண்டு ஐசி போடுவார்கள். நான்காவது சேனல் சும்மா கிடக்கும். அதை என்ன செய்வது?

"எனேபிள் பின்னை கிரவுண்டில் கட்டு, முடிந்தது வேலை" என்பார்கள். பாதி சரி. திசையைச் சொல்லும் பின்னும் கரண்ட் அளவைச் சொல்லும் பின்னும் இரண்டு சேனலுக்கும் பொது. எனேபிள் மட்டும்தான் தனித்தனி. ஆகவே கட்ட வேண்டியது அதைத்தான். வெறுமனே விட்டுவிடாமல் நேராக கிரவுண்டில் கட்டுங்கள். பக்கத்திலேயே 48 வோல்ட் படபடவென்று ஏறி இறங்கும் போர்டு அது.

ஆனால் வாசலைப் பூட்டிவிட்டதாலேயே காலி போர்ஷனுக்குள் திறந்து கிடக்கும் குழாய் நின்றுவிடாது. கரண்ட் அளக்கும் இரண்டு பின்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிஓம் ரெசிஸ்டரில் 30 ஆம்பியர் ஓடினால் அவற்றுக்கிடையே வருவது வெறும் 30 மில்லிவோல்ட். மிதக்க விட்டால் அந்த அளவு இரைச்சல் காற்றிலேயே கிடைக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் வித்தியாசம் பூஜ்யம். சேர்த்ததை எந்த வோல்டேஜில் கட்டுவது என்பதை மட்டும் டேட்டாஷீட்டில் பாருங்கள். அங்கே ஊகம் வேண்டாம்.

கேட் டிரைவ் பின்கள் நேர் எதிர். அவை வெளியே தள்ளுபவை, கேட்பவை அல்ல, திறந்தே விடலாம். பாதுகாப்பு என்று நினைத்து அவற்றை கிரவுண்டில் கட்டுவதுதான் வம்பு: எனேபிள் ஒரு கணம் தவறி எழுந்தாலும் டிரைவர் ஷார்ட்டுக்குள் கரண்டைக் கொட்டும். ஸ்விட்ச் பின் வேறு விஷயம். மேல் டிரைவர் நிற்கும் தரையே அதுதான். அதை மிதக்க விடக்கூடாது. இன்னொன்று, எல்எம்5170 கிளம்பும்போதே மாஸ்ஃபெட் ஷார்ட்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் ரகம். உபயோகமில்லாத சேனலின் பின்களை ஏடாகூடமாகக் கட்டிவைத்து அது பழுது என்று நினைத்துக்கொண்டால், நல்ல சேனலும் சேர்ந்து படுத்துவிடும்.

ஒரு திசை கன்வெர்ட்டர் செய்து பழகியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் மாஸ்ஃபெட்தான். எனேபிளை இறக்கினால் கேட் அடங்கும். பிறவியிலேயே உள்ளே இருக்கும் பாடி டயோடு அடங்காது. 48 வோல்ட் பக்கம் ஏதோ ஷார்ட்டாகி 12 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது என்று வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இண்டக்டர் வழியாக, மேல் மாஸ்ஃபெட்டின் டயோடு வழியாகக் கரண்ட் பாயும். எனேபிள் பின்னுக்கு அங்கே அதிகாரமே இல்லை. இதைத் தடுக்கத்தான் தொடரில் பிரேக்கர் மாஸ்ஃபெட் வைக்கிறார்கள். ஆக, ஒரு சேனல் என்றைக்கும் வேண்டாமென்றால் அதன் மாஸ்ஃபெட்டையும் இண்டக்டரையும் போர்டில் பொருத்தாமல் விடுவதே என் கட்சி. காசும் மிச்சம். சுமை குறையும்போது மட்டும் ஒரு சேனலை ஓய வைக்கிறீர்கள் என்றால் கதை வேறு: எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், எனேபிளை மட்டும் ஆட்டினால் போதும்.

கடைசியாகக் கணக்கு. பொதுப் பின் சொல்லும் கரண்ட் அளவு ஒவ்வொரு சேனலுக்குமானது என்பதால், இரண்டு சேனலும் சேர்ந்து 60 ஆம்பியர் தர எழுதிய கட்டளை ஒற்றைச் சேனலில் 30தான் தரும், மென்பொருளில் திருத்துங்கள். கெப்பாசிட்டரையும் மறுபடி பாருங்கள். 12 வோல்ட் பக்கம் மொத்தம் 30 ஆம்பியர் என்றால், இரண்டு சேனல் 180 டிகிரி தள்ளி ஓடும்போது 48 வோல்ட் பக்கக் கெப்பாசிட்டர்கள் சுமப்பது சுமார் 7.5 ஆம்பியர் ஆர்எம்எஸ். அதே 30 ஆம்பியரை ஒற்றைச் சேனல் தந்தால் 13 ஆம்பியர். இண்டக்டர் சிற்றலையைச் சேர்க்காத கணக்கு இது. சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். பழைய போர்டின் கெப்பாசிட்டர் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால், முழுச் சுமையில் ஓடவிட்டு அவற்றின் சூட்டை அளந்து பார்த்துவிடுங்கள்.