பம்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது காலையில் ஒழுங்காகக் கிளம்பிய வண்டி, உச்சி வெயிலில் மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பழகிப்போன தொல்லை. பானெட்டைத் திறந்த சில நிமிடங்களில் வரும் தீர்ப்பும் பழகியதுதான்: "பம்ப் போயிடுச்சு சார், மாத்தணும்." சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்காமல், பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்காமல் சொன்னால் அது வெறும் ஊகம். ஊகத்துக்கு ஆகும் செலவை வண்டிக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதை வாய்மூடி ஏற்கும்படி சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வெளிவந்த சான்ட்ரோ, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டரிலிருந்து எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாறிய மாருதி 800 போன்ற கார்கள் நம் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. இவற்றில் பெட்ரோல் போகும் வழி நீளமானது. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப், ஃபில்டர், குழாய், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், கடைசியில் இன்ஜெக்டர்கள். இந்தப் பம்புக்குக் கரண்ட் வர ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்; ரிலேயை இயக்குவதோ ஈசியூ என்ற கணினிப் பெட்டி. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தால், பெரும்பாலான கார்களில் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு அடங்கும். அதுதான் பம்ப் ஓடும் சத்தம். அதன் பிறகு என்ஜின் சுற்றுவதாக கிராங்க் சென்சார் தகவல் தந்தால்தான் ஈசியூ பம்பைத் தொடர்ந்து ஓடவிடும். அந்தச் சென்சார் சூடேறிச் செத்துவிட்டால் பம்ப் நின்றுவிடும், ஸ்பார்க்கும் போய்விடும், ஆறியதும் இரண்டும் திரும்பும். பழுதான பம்பும் சூட்டில் நின்று ஆறியபின் ஓடும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்; உள்ளே இருக்கும் காரணங்கள் வேறு. பம்ப் ஓடவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், பம்ப் கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது.

இதைப் பிரித்தறிய இரண்டு கருவிகள் போதும்: ஒரு பிரஷர் கேஜ், ஒரு மல்டிமீட்டர். அந்தக் காலத்து எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றில் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. கேஜின் முள் அந்த அளவில் நிலையாக நின்றால் பம்பைக் குறை சொல்வதை விட்டுவிட்டு இன்ஜெக்டர், ஸ்பார்க், சென்சார் பக்கம் போக வேண்டும். சாவியை ஆஃப் செய்த மறுகணமே முள் சரிந்தால் பம்பின் தடுப்பு வால்வோ ரெகுலேட்டரோ ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் இதனால்தான். ரெகுலேட்டர் என்ஜின் பக்கம் இருக்கும் வண்டிகளில் அதன் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தாலே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று முடிவு கட்டலாம். அழுத்தம் குறைவாக இருக்கும்போதுதான் பம்ப் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும் முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பம்பின் கனெக்டரில் வோல்ட் அளக்க வேண்டும். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருக்க, பம்பில் பத்துதான் காட்டுகிறது என்றால் கோளாறு துருப்பிடித்த எர்த்திலோ கருகிய ரிலே காலிலோ இருக்கிறது.

"பம்ப் மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டதே" என்று சொல்பவர்கள் உண்டு. பம்பை மாற்றும்போது கனெக்டர் கழற்றி மாட்டப்படுகிறது. தளர்ந்திருந்த முனை இறுகுகிறது, துரு உரசிப் போகிறது. கூடவே அடைத்துக்கிடந்த ஃபில்டரும் மாறிவிடுகிறது. வண்டியைச் சரிசெய்தது எது என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. சில மாதங்களில் அதே கோளாறு திரும்பும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. பழைய பம்பைக் கையில் வைத்து நேரடியாகப் பேட்டரியில் இணைத்து ஓட்டிக்காட்டுவதும் சோதனை ஆகாது. அதில் தீப்பொறி ஆபத்தும் இருக்கிறது.

சிறிய ஒர்க்‌ஷாப்காரரிடம் கேஜ் இருக்காது, அனுபவமே அவருக்குக் கருவி என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். தேர்ந்த காது பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 2.9 பாருக்கும் 1.9 பாருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காதும் கேட்டுச் சொல்லாது. கேஜின் விலை பல கார்களுக்கு ஒரு புதுப் பம்பின் விலையைவிடக் குறைவு. எப்படியும் பழைய பம்ப்தானே, மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. டேங்கில் எப்போதும் கால்பங்குக்குமேல் பெட்ரோல் வைத்து ஓட்டினால் பம்ப் நீண்ட நாள் உழைக்கும். சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. நன்றாக ஓடும் கம்பெனிப் பம்பைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாத மாற்றுப் பம்பைப் போடுவது பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும்.

பணத்தைவிடப் பெரிய கவலை தீ. கார்புரேட்டர் வண்டியில் குழாயைப் பிடுங்கி, செல்ஃப் அடித்து, பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பார்கள். அங்கே அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதுபோலப் பத்து மடங்கு அழுத்தம். அதே பழக்கத்தைக் காட்டினால், சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் பனிமூட்டமாகத் தெளிக்கும். குழாயைத் தொடும் முன் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். திறந்த இடத்தில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே இந்த வேலை நடக்க வேண்டும். வெடித்த குழாய்க்குப் பதில் சாதாரண ரப்பர் டியூபை மாட்டி கிளிப் போடுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே இன்ஜெக்‌ஷன் ஹோஸ் தனியாக விற்கிறது. காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

குற்றம் பெட்ரோலிலும் இருக்கலாம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. பழைய கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பதம் பார்க்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை, அடர்த்திச் சோதனை, ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரச் சோதனை மூன்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெட்ரோல் போட்ட சிறிது நேரத்திலேயே வண்டி நின்றால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், அந்தப் பெட்ரோலின் மாதிரியையும் எடுத்துவையுங்கள், பங்கின் புகார்ப் புத்தகத்தில் அன்றே எழுதுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அழுத்தமும் வோல்ட்டும் எவ்வளவு காட்டின என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்; பழைய பம்பைக் கழித்துக்கொண்டு விலை குறைக்கிறோம் என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தேவையில்லாத பாகத்தை மாற்றிக் கோளாறை அப்படியே விட்டிருந்தால் சேவைக் குறைபாடு என்று வாதிட முடியும். சில ஆயிரம் ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்கு அலைவது, பழகிய மெக்கானிக்கிடம் முகத்தை முறித்துக்கொள்வதா என்ற தயக்கம் இயல்பானது. கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்வது சண்டை போடுவதாகாது. நேர்மையான மெக்கானிக்குக்கு அந்த அளவுச் சீட்டே பாதுகாப்பு. அப்படியும் தகராறு வந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இலவசமாகப் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எஸ்டிமேட், பில், பழைய பம்ப் மூன்றையும் அதுவரை தூக்கிப்போடாதீர்கள்.